பெயர் வெட்டிய தவலை

ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு பைத்தியம் உண்டு. ஊரார் வைத்தியம் பார்க்கச் சொல்லாத, வீட்டார் முணுமுணுத்துக்கொண்டே சகித்துக்கொள்கிற சின்னப் பைத்தியம். ஒருவர் ஓடாத கடிகாரங்களாகத் தேடி வாங்கி ஓட வைக்கிறார். ஒருவர் தபால்தலை சேர்க்கிறார். எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் கல்யாணமான நாளிலிருந்து கோல நோட்டு எழுதி வருகிறார். பதினேழு நோட்டுகள் ஆகிவிட்டன. எனக்குப் பழைய சாமான். பித்தளை, மரம், மண், காகிதம் எதுவானாலும் சரி, யாரோ ஒருவர் கை பட்டுத் தேய்ந்த பொருளைப் பார்த்துவிட்டால் என் கை சட்டைப் பைக்குப் போய்விடும்.

என் வீட்டுக் கூடத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் சற்றுத் திகைப்பார்கள். வாசற்படிக்கு வலப்புறம் வங்காளத்துப் பாங்குரா மண்குதிரை காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேலே ரவிவர்மாவின் லக்ஷ்மி, பழைய அச்சுப்படம். எதிர்ச்சுவரில் மிதிலைப் பெண்கள் வரையும் மீன்கள். அலமாரியில் கொண்டபள்ளிப் பொம்மைகள். ஓர் ஆணியில் ராஜஸ்தானத்துப் பொம்மலாட்ட ராஜா, கயிறு சுற்றிய கையோடு தொங்குகிறார். ஆத்தங்குடிக் கல் நாலு, தரையில் பதிக்க வழியில்லாமல் சுவரில் சாய்ந்திருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமில்லை. "இந்தியா முழுவதும் உன் கூடத்தில் வந்து ரயிலுக்குக் காத்திருப்பது போல இருக்கிறது" என்றார் ஒரு நண்பர். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தவள் என் அத்தை.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒன்று இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிய சாமான்கள் அங்கேதான் வந்து சேரும். கதவு, நிலை, தூண், எனாமல் தட்டு, சீனாப் பரணி, கறுப்பு வெள்ளைக் கல்யாணப் புகைப்படம் வரை எல்லாம் கிடைக்கும். சில வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு பித்தளைத் தவலை வாங்கினேன். கனமான சாமான். வயிற்றுப் புறம் இரண்டொரு நெளிசல். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர்.

கடைக்காரர் என் பார்வையைக் கவனித்தார். "பேரு இருக்கேன்னு பாக்கறீங்களா சார்? ரெண்டு நிமிஷம், ராவி அழிச்சுக் குடுத்துடறேன்" என்றார்.

"வேண்டாம், அதுதான் அழகு" என்றேன் நான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்து மூலையில் வைத்து, பத்துப் பன்னிரண்டு மயிலிறகுகளைச் சொருகினேன். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். ஒரு நாள் ஊரிலிருந்து அத்தை வந்தாள். எண்பதை நெருங்குகிற வயசு. கூடத்தில் இருந்த எதையும் அவள் கண்டுகொள்ளவில்லை. நேரே தவலையிடம் போய்க் குனிந்து, விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"யாருப்பா இது?"

"தெரியாது அத்தை. காரைக்குடியிலே வாங்கினது."

"தெரியாதவ பேரை நடுக்கூடத்துலே வச்சிருக்கே?"

"பழசு அத்தை. பாக்க நல்லா இருக்கில்லே?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேரு வெட்டறது எதுக்குன்னு உனக்குத் தெரியுமா? தொலைஞ்சா திரும்பி வரணும்னுதான்" என்றாள்.

அவ்வளவுதான். காப்பி சாப்பிடப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன்.

அந்தப் பெண்ணின் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எழுதப் போவதில்லை. என் கூடத்தில் அதைக் காட்சிக்கு வைத்தது போதும்.

என்னைக் குடைந்த கேள்வி இதுதான். நாம் ஆசைப்பட்டு, காசு கொடுத்து வாங்கிய பொருள் முழுக்க நம்முடையது ஆகிவிடுகிறதா? ஒருத்தியின் வாழ்க்கையை நம் வீட்டுக்கு அலங்காரமாக்கிக்கொள்ள அந்த ரசீது போதுமா?

கூடத்தில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாக விசாரித்துப் பார்த்தேன். ரவிவர்மா படத்தில் சிக்கல் இல்லை. 1894-இல் பம்பாயில் அவர் அச்சகம் ஆரம்பித்ததே, பல பேர் வாங்கட்டும் என்றுதான். கோயிலுக்குள் போக உரிமை மறுக்கப்பட்டவனின் சுவருக்கும் அந்த லக்ஷ்மி போய்ச் சேர்ந்தாள். விற்பதற்காகவே பிறந்த படம் அது. வாங்கியதில் யாருக்கும் நஷ்டமில்லை. கொண்டபள்ளிப் பொம்மையும் அப்படியே.

மண்குதிரையிடம் வந்தபோது கொஞ்சம் தயங்கினேன். பாங்குரா ஜில்லாவில் அந்தக் குதிரையைக் கிராம தேவதைக்கு நேர்ந்துகொண்டு வைப்பது வழக்கம். நம் ஊரில் ஐயனாருக்குப் புரவி எடுப்பது போல. நேர்ந்த குதிரையை யாரும் துடைத்துப் பாதுகாப்பதில்லை. அது வெயிலில் வெடித்து, மழையில் கரைந்து, மண்ணோடு மண்ணாகும். அப்புறம் குயவர் புதிதாக வேறொன்று செய்வார். கோலமும் அப்படித்தான். காலையில் போட்டு மதியத்துக்குள் மிதிபட்டு மறுநாள் காலையில் தண்ணீரோடு போகும். நம்முடைய பாட்டிமார்களுக்கு வீட்டை அலங்கரிப்பது ஒரு காரியம். தினமும் செய்வார்கள், தினமும் அழியும், மறுபடி செய்வார்கள். எனக்கோ அது உடைமையாகிவிட்டது. நான் கோலம் போடவில்லை. கோலம் போட்ட பலகையை வாங்கி மாட்டியிருக்கிறேன்.

ஆனாலும் இதில் மறுபக்கம் உண்டு. மிதிலையில் கல்யாண வீட்டுச் சுவர்களில் பெண்கள் எழுதிவந்த சித்திரங்கள் காகிதத்துக்கு வந்த கதையைப் பாருங்கள். 1966-ஐ ஒட்டி பீகாரில் கடும் பஞ்சம். அகில இந்தியக் கைவினை வாரியத்தில் இருந்த புபுல் ஜயகர், பாஸ்கர் குல்கர்ணி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பி, அந்தப் பெண்களிடம் காகிதம் கொடுத்து வரையச் சொன்னார். சுவரோடு போகவேண்டியது சந்தைக்கு வந்தது, அடுப்பு எரிந்தது. சீதா தேவி, கங்கா தேவி போன்றவர்களின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. "சடங்கு கெட்டுவிட்டது" என்று அங்கலாய்க்கிறவர்கள் அன்று அந்த அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். செய்தவர் இருக்கிறார், விலை சொன்னவர் அவரே, பணம் அவர் கைக்குப் போகிறது என்றால், என் ஆசைக்கு நான் வெட்கப்பட வேண்டியதில்லை.

தவலை இந்த இரண்டு கணக்கிலும் சேராது. அதைச் செய்தவன் எனக்காகச் செய்யவில்லை. பெயரை வெட்டிக்கொண்டவள் எனக்குக் கொடுக்கவில்லை.

எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். "நான் வாங்கியிராவிட்டால் உருக்கியிருப்பார்கள். நான் காப்பாற்றினேன்." இதில் பாதி உண்மை இருக்கிறது. பழைய பித்தளை எடைக்குப் போவதும், உலைக்குப் போவதும் நடக்கிற காரியந்தான். ஆனால் மறுபாதியையும் சொல்லவேண்டும். என்னைப் போன்றவர்கள் தூணுக்கும் நிலைக்கும் ஆசைப்பட்டு விலை கொடுக்க வந்த பிறகுதான், நிற்கிற வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்குக் கிராக்கி ஏறியது. செட்டிநாட்டு வீடு ஒருவர் சொத்தல்ல. ஒரு பாட்டனார் கட்டிய முகப்பும் வளவும் இன்று பல பங்காளிகளுக்குச் சொந்தம். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். ஒழுகுகிற ஓட்டை மாற்ற எல்லாரும் பணம் போடவேண்டும். தேக்குத் தூணை விற்றாலோ எல்லாருக்கும் பணம் வரும். அந்தத் தராசின் ஒரு தட்டில் என் ரூபாயும் இருக்கிறது.

"காப்பாற்றினேன்" என்கிற வார்த்தை பெரிய இடங்களிலும் புழங்குகிற வார்த்தை. 1976-இல் தஞ்சைச் சீமையில் பத்தூர் என்ற கிராமத்தில் மண்ணுக்கடியிலிருந்து ஒரு நடராஜர் கிடைத்தார். கை மாறிக் கை மாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். வழக்கு நடந்தது. இடிந்து கிடந்த அந்தக் கோயிலுக்கும் உரிமை கேட்டு வழக்காட இடமுண்டு என்று ஆங்கிலேய நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. 1991-இல் நடராஜர் ஊர் திரும்பினார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாதென்று 1972-லேயே நம் சட்டம் சொல்லிவிட்டது. என் தவலை அவ்வளவு பழசுமல்ல, அதை நான் கடல் கடத்தவுமில்லை. சட்டப்படி நான் யோக்கியன். ஆனால் பாழடைந்த கோயிலுக்குக்கூட வழக்காட ஆள் கிடைத்தது; இந்தப் பெண்ணுக்கு என் அத்தையைத் தவிர யாரும் இல்லை.

சரி, அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றியது. அடுத்த முறை காரைக்குடி போனபோது கடைக்காரரைக் கேட்டேன். "நாலஞ்சு வீட்டுச் சாமான் ஒரே வண்டியிலே வந்திச்சு சார். எது எந்த வீடுன்னு எப்படிச் சொல்றது?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

அவள் கைக்கு அது வந்த வழியையும் யோசித்தேன். பெண்ணுக்குச் சீராகப் பரப்பி வைத்த சாமான்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். அந்தச் சீமையில் பல வீடுகளின் தேக்கும் பணமும் பர்மாவிலிருந்து வந்தவை. 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் செட்டியார்களின் வசம் இருந்த சாகுபடி நிலம் நூற்றுக்கு ஆறு அளவு. நெல் விலை சரிந்து, கடன் வாங்கிய குடியானவர்கள் கட்டமுடியாமல் போக, அடமான நிலம் கைமாறி, சில வருஷங்களில் நாலில் ஒரு பங்கானது. நிலத்தை இழந்த பர்மியக் குடியானவன் வீட்டிலும் ஒரு தவலை இருந்திருக்கும். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது செட்டியார்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். இழந்தவனைத் தேடிக்கொண்டே போனால் ஒவ்வொரு இழப்புக்குப் பின்னாலும் வேறொரு இழப்பு நிற்கிறது. களங்கமே படாத பொருள்தான் வேண்டும் என்றால் வெறும் தரையில்தான் உட்காரவேண்டும். அந்தத் தரையும் யாருடையதோ!

"எல்லாமே இப்படித்தான், அதனால் கவலையில்லை" என்று முடித்துவிட நான் தயாரில்லை. அது சோம்பேறியின் தத்துவம். "எல்லாவற்றையும் துறந்துவிடுகிறேன்" என்பதும் எனக்குச் சரிப்படவில்லை. தவலையைக் கடையில் திருப்பிப் போட்டால் என் மனசுதான் சுத்தமாகும். தவலை இன்னொரு கூடத்துக்குப் போகும், அங்கே பெயரை ராவிவிடுவார்கள். திருப்பித் தர முடியாத ஒன்று கையில் இருக்கும்போது, "இது என்னுடையதா?" என்று கேட்பதில் பயன் குறைவு. "இதை எப்படி வைத்துக்கொள்கிறேன்?" என்பதுதான் மிஞ்சுகிற கேள்வி.

அத்தை ஊருக்குப் புறப்படும் நாளில் அவளையே கேட்டேன். "என்ன செய்யட்டும் அத்தை?"

"மயிலிறகை எடுத்துட்டுத் தண்ணி புடிச்சு வை. தாகம்னு வந்தவங்களுக்குக் குடு. அவ அதுக்குத்தானே வாங்கியிருப்பா" என்றாள்.

அப்படியே செய்தேன். இப்போது அது கூடத்து மூலையில் இல்லை. சமையலறை வாசலில் முக்காலிமேல் இருக்கிறது. தபால்காரர் முதல் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வரை அதிலிருந்துதான் தண்ணீர் குடிக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற குழந்தை ஒன்று, "இது யாரு மாமா?" என்று கேட்டது. "இந்தத் தவலைக்குச் சொந்தக்காரங்க" என்றேன்.

காரைக்குடித் தெருவுக்கு அதற்கப்புறம் நான் போகவில்லை என்று எழுத ஆசைதான். போயிருக்கிறேன். கை பைக்குப் போவதும் நிற்கவில்லை. ஆனால் பெயர் வெட்டிய சாமானைக் கண்டால் முதலில், "எந்த வீடு?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை. வராதபோது கீழே வைத்துவிடுகிறேன். எப்போதும் அல்ல, பல சமயம்.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. பித்தளையில் தண்ணீர் வைத்தால் களிம்பு ஏறும்; புளி போட்டுத் தேய்க்கவேண்டும். வாரம் ஒரு முறை தேய்க்கிறோம். தேய்க்கத் தேய்க்க அந்தப் புள்ளி எழுத்துக்கள் ஆழம் குறைந்துகொண்டே வருகின்றன. போன மாதம் கடைசி எழுத்தின் சுழி தெரியவில்லை. மூலையில் வைத்து மயிலிறகு சொருகியிருந்தால் பெயர் நூறு வருஷம் நிற்கும். தண்ணீர் வைத்தால் என் பிள்ளை காலத்திலேயே மறைந்துவிடும்.

இதை அத்தைக்குக் கடிதத்தில் எழுதினேன். பதில் எழுதியிருந்தாள்: அவள் வீட்டிலேயே இருந்திருந்தாலும் அப்படித்தானே தேய்ந்திருக்கும் என்று.