கூடம் யாருக்கு?

சென்ற மாதம் ஒரு வலீமா விருந்துக்காகச் செஞ்சிக்குப் போயிருந்தோம். விருந்து முடிந்த பின்பும் அஸருக்கு நேரம் இருந்தது. வயதில் மூத்த அன்பர் ஒருவர், தாம் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு வந்து துஆச் செய்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.

நல்ல வீடு. மூன்று சென்ட் மனையில் எழுந்த மாடி வீடு. ஹாலில் சோபா, கண்ணாடி அலமாரி, சட்டமிட்ட ஆயத்துல் குர்ஸீ, மேற்குச் சுவரில் பெரிய டெலிவிஷன். நாம் காலடி வைத்தபோது ஐந்து வயதுப் பேரன் தரை முழுவதும் சின்னஞ்சிறு கார்களைப் பரப்பி வைத்திருந்தான். அவன் தங்கை சொப்புகளில் சோறாக்கிக் கொண்டிருந்தாள். "ஹஸ்ரத் வந்திருக்காங்க, எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு உள்ளே போ!" என்று பாட்டனார் அதட்டினார். இரண்டே நிமிடத்தில் ஹால் துப்புரவாகிவிட்டது. அதன் பின் உள்ளறையிலிருந்து ஒரு சிறு ஓசையும் வரவில்லை. பிள்ளைகள் இருக்கிற வீடா இது என்று நமக்கே ஐயம் தோன்றியது.

"போனைக் கையிலே கொடுத்துட்டேன் மாமா, இனிச் சத்தம் வராது" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து மருமகள். சிறிது நேரம் கழித்து அவரே நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். ஹாலின் ஒரு மூலையைப் பிள்ளைகள் விளையாட ஒதுக்கிவிடலாம் என்பது அவர் எண்ணம். தொழுகிற இடம், விருந்தாளி வருகிற இடம், அங்கே கூடாது என்பது மாமனாரின் தீர்ப்பு. மார்க்கம் என்ன சொல்கிறது?

மாமனார் பக்கமும் நியாயம் உண்டு. விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர் அவர். காலடியில் ஒரு கோலிக்குண்டு உருண்டால் என்ன ஆகும் என்று அவர் அஞ்சுவதில் தவறில்லை.

ஆயினும் இந்தச் சிக்கல் பழைய வீடுகளில் இவ்வளவு கடுமையாக எழுந்ததில்லை. திண்ணை இருந்தது, தாழ்வாரம் இருந்தது, நடுவே முற்றம் இருந்தது, வெளியே மோட்டார் சைக்கிள் பாயாத தெரு இருந்தது. பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க யாரும் கூடிப் பேசவில்லை. 2025-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட செஞ்சிக் கோட்டையைப் பாருங்கள். தானியத்துக்கு ஒரு களஞ்சியம், உடற்பயிற்சிக்கு ஒரு கூடம், குதிரைக்கு ஒரு லாயம், பெண்டிருக்குக் கல்யாண மஹால் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டடங்கள். அரசர்களுக்கு அது முடிந்தது. மூன்று சென்ட்டில் வீடு கட்டியவர் ஒரே ஹாலில்தான் விருந்தையும் தொழுகையையும் தூக்கத்தையும் நடத்தவேண்டும். இடம் சுருங்கியபோது முதலில் இடத்தை இழந்தவர்கள் பிள்ளைகள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லமும் பெரியதன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில், அன்னையார் படுத்திருக்கும் இடத்திலேதான் நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் தொழுதார்கள். ஸஜ்தாவுக்குச் செல்லும்போது தொட்டு உணர்த்துவார்கள். அன்னையார் காலை மடக்கிக்கொள்வார்கள். அந்த நாளில் வீடுகளில் விளக்கில்லை என்று அன்னையாரே விளக்கியதை புகாரியில் காண்கிறோம். அதே வீட்டில்தான் அன்னையாரின் பொம்மைகளும் இருந்தன, கூட விளையாடத் தோழிச் சிறுமிகளும் வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் நுழைந்ததும் சிறுமிகள் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்வார்கள். அவர்களையே மறுபடியும் விளையாட அனுப்பிவைப்பார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அதட்டி உள்ளே துரத்தினார்கள் என்று எந்த அறிவிப்பிலும் இல்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அன்னையார் வீட்டின் ஒரு பக்கத்தைச் சித்திரத் திரையால் மறைத்திருந்தார்கள். அந்தச் சித்திரங்கள் தொழுகையில் தம் கவனத்தில் குறுக்கிடுவதாகச் சொல்லி, அதை அகற்றும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அதாவது தொழுகைக்கு எதிரே நின்று மனத்தை இழுக்கும் பொருளை எடுக்கச் சொன்னார்கள். இதைப் படிக்கும்போது அந்த வீட்டு மேற்குச் சுவரின் டெலிவிஷன் நம் நினைவுக்கு வந்தது. கிப்லாவின் நேரே நிற்கும் அதை எடுக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. சொப்புகள்தான் கண்ணில் பட்டன!

பள்ளிவாசலிலேயே, ஸஜ்தாவில் இருந்த நாயகம் (ஸல்) அவர்களின் முதுகில் பேரப்பிள்ளை ஏறிக்கொண்டபோது, பிள்ளை தானாக இறங்கும் வரை அவர்கள் ஸஜ்தாவை நீட்டினார்கள். அவசரப்படுத்த மனமில்லை என்று பின்னர் காரணமும் சொன்னார்கள். அப்படியிருக்க, வீட்டு ஹாலைப் பற்றி நாம் தர்க்கம் செய்வதே வியப்பு.

அப்படியானால் வரம்பே வேண்டாமா? வேண்டும். திருக்குர்ஆனின் அந்-நூர் அத்தியாயத்தில் 58-ஆம் வசனம், பருவமடையாத பிள்ளைகள் அனுமதி கேட்டு வரவேண்டிய வேளைகள் மூன்றைக் குறிக்கிறது: ஃபஜ்ருக்கு முன், உடை களைந்து ஓய்வெடுக்கும் நண்பகல், இஷாவுக்குப் பின். மற்ற வேளைகளில் அவர்கள் உங்களிடையே வந்து போய்க்கொண்டிருப்பவர்கள் என்று சொல்லிக் குற்றத்தை நீக்கிவிடுகிறது. வீட்டில் பிள்ளைக்கு வரம்பிடும்போது இறைவன் சுவரைக் கொண்டு இடவில்லை, வேளையைக் கொண்டு இட்டான். நமது ஹாலுக்கும் அதுவே வழி என்பது நமது கருத்து. பாங்கு சொன்னால் கார்கள் பெட்டிக்குள் போகட்டும், முஸல்லா விரியட்டும். தொழுது முடிந்தால் முஸல்லா அலமாரிக்குப் போகட்டும், பெட்டி திறக்கட்டும். விருந்தாளி வந்தால் ஸலாம் சொல்லிவிட்டு மூலையில் விளையாடட்டும். குழந்தை சிறுநீர் கழித்த இடத்தைக் கழுவிவிட்டால் போயிற்று. நாயகம் (ஸல்) அவர்களின் மடியிலேயே ஒரு பச்சிளங் குழந்தை சிறுநீர் கழித்ததும், தண்ணீர் வரவழைத்து அதன் மேல் தெளித்ததும் ஹதீஸில் உள்ளவைதாமே.

நம்மை உறுத்தியது சாமான்கள் பரவிக் கிடந்ததன்று. அந்த அமைதிதான். விருந்தினர் முன் ஹால் அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக, இரண்டு பிள்ளைகளைக் கதவுக்குப் பின்னே ஒரு கண்ணாடிச் சில்லைப் பார்த்தபடி உட்காரவைத்துவிட்டோம். அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று ஹாலில் இருந்த எவருக்கும் தெரியாது. பாட்டனார் தொழுவதையும், பெரியவர்கள் ஸலாம் சொல்வதையும், விருந்தாளியை உபசரிப்பதையும் அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து கற்பார்கள்? கண்ணால் கண்டுதானே ருகூவைக் கற்கிறது பிள்ளை!

இவ்வளவையும் நாம் அந்தப் பெரியவரிடம் சொன்னோம். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "சோபாவை என்ன செய்யச் சொல்றீங்க ஹஸ்ரத்? அது இருந்தா பிள்ளைகளுக்கு ஓட இடம் பத்தாதே" என்றார்.

"விற்கவேண்டாம் பாய், சுவரோரமாகத் தள்ளிப் போடுங்கள்" என்றோம்.

அஸருக்குப் பாங்கு கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்த பேரன், வலது கையில் ஒரு காரை மட்டும் விடாமல் பிடித்தபடி பாட்டனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவர் அவனை உள்ளே போகச் சொல்லவில்லை.