விசுவாசம் போதவில்லையா?

புதுச்சேரி வில்லியனூர் லூர்து மாதா கோயிலில் ஈஸ்டர் முடிந்ததும் கொடியேறும். அந்தத் திருவிழாக் கூட்டத்தில், குளத்துப் படியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் செபமாலை, பக்கத்தில் குளத்துத் தண்ணீர் பிடித்த பாட்டில். மகன் இறந்து மூன்று மாதம். "ஆண்டவர் நல்லவர்தான் தம்பி, எனக்குத்தான் விசுவாசம் பத்தல" என்றார். துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனாராம்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் செபம் அவருக்குத் தரும் தெம்பைப் பொய் என்று சொல்ல மாட்டேன். மண்டியிட்டு மனசில் இருப்பதைக் கொட்டியவருக்கு மறுநாள் எழுந்து அடுப்புப் பற்றவைக்கத் துணிவு வருகிறது. அதைப் பிடுங்க நான் யார்? என் சண்டை அந்த உறவுக்காரரோடு. பிழைத்தால் ஆண்டவர் கருணை, செத்தால் பெற்றவள் குறை. இது என்ன கணக்கு?

1858-இல் பிரான்சின் லூர்து ஊர்க் குகையில் மாதாவைக் கண்டதாகச் சொன்ன பெர்னதெத்துக்கு அப்போது 14 வயது. அவர் கையால் மண்ணைப் பறித்த இடத்தில் ஊறியதுதான் உலகமே தேடிப்போகும் அந்த ஊற்று. அந்தப் பெண்ணே இழுப்பிலும் காசநோயிலும் அவதிப்பட்டு 1879-இல், 35 வயதில் இறந்துபோனார். அவருக்கும் விசுவாசம் போதவில்லையா? 1933-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்த திருச்சபை, கோடிக்கணக்கானோர் போய்வந்த லூர்தில் அற்புதம் என்று ஏற்றுக்கொண்டவை எழுபத்துச் சொச்சம்தான். குணமாகாமல் திரும்பிய மற்ற எல்லோரும் அரைகுறை விசுவாசிகளா?

அந்த அம்மாவின் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாகூரிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுவந்தாராம் பக்கத்து வீட்டுக்காரர், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண். தூக்குவாளிச் சூடு ஆறாமலிருக்கப் பழைய துண்டைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவாராம். "ஆண்டவர்தான் அனுப்பினார்" என்கிறார் அந்த அம்மா. யாரும் அனுப்பவில்லை. இருட்டோடு எழுந்து, அன்றைய கூலியை விட்டுவிட்டு, தானே கிளம்பி வந்தவர் அவர். அந்த நல்ல மனசை அவருடைய கணக்கில் எழுதினால்தானே, 'நானும் கிளம்பியிருக்கலாமே' என்று நமக்கு உறைக்கும்?

சாவு வீட்டில் ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்து, விசுவாசம் பற்றவில்லை என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லையா? சொல்லியிருந்தால் அந்த வீடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். "தப்பாச் சொல்லிட்டேம்மா" என்று சொல்லிவிட்டு வர உங்களுக்கு எத்தனை நாள் வேண்டும்?