யாரிடம் சொல்ல வேண்டிய புத்திமதி?

'பத்தாம் வகுப்பில் இருந்த உனக்கு, இன்றைய நீ ஒரு கடிதம் எழுது' என்று கல்லூரி முதலாண்டு மாணவிகளிடம் சொல்வது எளிய எழுத்துப் பயிற்சி. நானும் வகுப்பில் கொடுத்திருக்கிறேன். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் இவர்கள். பலர் தங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பெண்.

கடிதங்கள் பெரும்பாலும் ஒரே குரலில் பேசும். கணக்குக்குப் பயந்து அழாதே. தோழி எடுத்தாள் என்று நீயும் அந்தக் குரூப்பை எடுக்காதே. மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்குப் போகாமல் இருந்துவிடாதே. போனைத் தொடாதே. எவனையும் நம்பாதே. பஸ்ஸில் உரசியவனைப் பற்றி வீட்டில் சொல்லியிரு. இன்னும் நன்றாகப் படித்திரு. அடுக்கி வைத்துப் படிக்கும்போது, அந்தப் பதினைந்து வயதுச் சிறுமிக்கு நேர்ந்தவை அனைத்துக்கும் அவளே காரணம் என்று தோன்றிவிடும். வீட்டில் அவளை அதட்டிய குரலையே, மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து அவளும் தன்மீது பயன்படுத்துகிறாள். இது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

தமிழ் இலக்கணம் இதில் கொஞ்சம் உதவுகிறது. 'செய்', 'செய்யாதே' என்பவை ஏவல். ஏவலுக்கு எதிரே கேட்பவர் ஒருவர் இருக்க வேண்டும். அதற்கு முன்னிலை இடமும் எதிர்காலமும்தான் உண்டு. நடந்து முடிந்ததை ஏவ முடியாது. 'சொல்லியிரு', 'படித்திரு' என்று அன்றைய தன்னிடம் சொல்வது ஏவல் போல இருந்தாலும் உண்மையில் அது குறைகூறல். 'நீ ஏன் சொல்லவில்லை?', 'நீ ஏன் படிக்கவில்லை?' என்பதே அதன் பொருள்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு அந்தச் சிறுமியிடம் பதில் இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை. பஸ்ஸில் ஒருவன் உரசினான் என்று வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். 'அப்படியென்றால் பஸ்ஸில் போக வேண்டாம், படித்தது போதும்' என்பார்கள். பத்தாவதோடு நின்ற அக்காவையோ அத்தை மகளையோ அவள் பார்த்திருக்கிறாள். நின்ற பெண்ணுக்கு என்னென்ன காத்திருக்கின்றன என்பதும் தெரியும்: மாமன் வீட்டில் பெண் கேட்டு வருவார்கள், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகும் பெற்றோருடன் போக வேண்டியிருக்கும், அல்லது ஒரு பஞ்சாலை. மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி, மேற்கு மாவட்டத்து நூற்பாலைகள் கிராமத்துப் பெண்களை ஆள்சேர்த்த முறைக்குச் சுமங்கலித் திட்டம் என்றே பெயர் இருந்தது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அறிவோ துணிவோ இல்லை என்பதல்ல காரணம். படிப்பு நிற்காமல் இருக்க அவள் கொடுத்த விலை அந்த மௌனம். இன்று கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து 'ஏன் பேசாமல் இருந்தாய்' என்று எழுதும் பெண், அவள் பேசாமல் இருந்ததாலேயே இங்கே வந்து சேர்ந்திருக்கலாம். மௌனம் சரி என்று நான் சொல்லவில்லை. ஒரு குழந்தை அப்படியொரு விலை கொடுத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது என்றால், கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்கிறேன்.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். கல்லூரிக்கு வந்தவர்கள் மட்டுமே இந்தக் கடிதத்தை எழுதுகிறார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் முடிந்திருந்தது. நூறு பேரில் ஏறத்தாழ பதின்மூன்று பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவில் கடைசியாக நின்ற மாவட்டம் எங்களுடையது. வகுப்பில் இல்லாத அந்தப் பெண்களிடம் கடிதம் கேட்டால் என்ன எழுதுவார்கள்? 'இன்னும் முயற்சி செய்திரு' என்று அவர்களில் எத்தனை பேர் தன்னைத்தானே கடிந்துகொள்வார்கள்? முயற்சி செய்தவர்களும் அவர்களில் இருக்கிறார்களே.

எல்லாப் புத்திமதியையும் கேட்டு நடந்த பெண்ணுக்கும் பாதுகாப்பு உறுதியில்லை என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 2000 பிப்ரவரி 2 அன்று, தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் கல்விச் சுற்றுலா வந்த பேருந்துக்குக் கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். தங்கள் தலைவிக்கு எதிராக வந்த தீர்ப்புக்கு அது அவர்களுடைய எதிர்ப்பு. கோகிலவாணி, காயத்ரி, ஹேமலதா என்ற மூன்று மாணவிகள் எரிந்து இறந்தார்கள். படித்து, மதிப்பெண் வாங்கி, கல்லூரிக்குப் போய், ஆசிரியர்களோடு பயணம் செய்துகொண்டிருந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் இருந்த அவர்களிடம் யார் எந்தப் புத்திமதியைச் சொல்லியிருந்தால் அந்தத் தீ எரியாமல் இருந்திருக்கும்? தீக்குச்சியைக் கையில் வைத்திருந்தவர்களிடம் சொல்ல வேண்டியதை, பேருந்தில் இருந்தவர்களிடம் சொல்ல முடியாது.

பெண்களுக்கு அரசும் புத்திமதி சொல்கிறது. ஆனால் அது பணத்தாலும் விதிகளாலும் பேசும்போதுதான் வீடுகள் காது கொடுக்கின்றன. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கிய திட்டம் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவி. எட்டாம் வகுப்பாவது படித்து, 18 வயது நிறைந்திருந்தால் 5,000 ரூபாய். பின்னாளில் தகுதி பத்தாம் வகுப்பானது. தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பட்டம் பெற்றவர்களுக்குத் தொகை கூடியது. அது பல பெண்களைப் பள்ளியில் சில ஆண்டுகள் கூடுதலாக உட்கார வைத்தது உண்மை. என்றாலும் கல்யாணம் என்ற வாசலில்தான் அந்தப் பணம் கைக்கு வந்தது. 2022-இல் அதே பெயரில் திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. நாம் புதுமைப் பெண் என்று சொல்வது அதைத்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே வந்து சேர்கிறது. ஆயிரம் ரூபாய் பெரிய பணமில்லை. ஆனால் 'படிக்க வைத்தால் செலவு' என்று கணக்குப் போடும் வீட்டில், அவள் பக்கம் ஒரு வரவும் எழுதப்படுகிறது. அவளிடம் 'துணிவாக இரு' என்று சொல்வதற்குப் பதிலாக, அவளைச் சுற்றியிருக்கும் கணக்கைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள்.

திட்டத்துக்குப் பெயர் தந்த அம்மையாரையும் இங்கே நினைக்க வேண்டும். தேவதாசி முறைக்குள் வளர்ந்து, அதை ஒழிக்கப் போராடியவர் அவர். 'சிறுமியே, எச்சரிக்கையாக இரு' என்று சொல்வதோடு அவர் நின்றுவிடவில்லை. பொட்டுக் கட்டும் வழக்கத்தையே எதிர்த்து மேடையேறினார், எழுதினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்த வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது. தான் பட்டதை அடுத்த சிறுமி படக்கூடாது என்று நினைத்தவர் யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டு.

அவருக்கு வெகு காலம் முன்பே எங்கள் மண்ணில் இன்னொருத்தி இருந்தார். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவை என்றதும் கோலூன்றி நின்று குழந்தைகளுக்கு ஆத்திசூடி சொல்லும் பாட்டி நம் கண்முன் வருகிறார். ஆத்திசூடி பாடிய ஔவை பல நூற்றாண்டு பிந்தியவர். தகடூரில் இருந்த சங்க கால ஔவை அரசர்களிடம் பேசியவர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போய், அவனுடைய படைக்கருவிகளைப் புகழ்வது போல இகழ்ந்து பாடியவர். நாம் இருவரையும் ஒருவராக்கி, பிள்ளைகளுக்குப் புத்தி சொல்பவரை மட்டும் பாடப்புத்தகத்திலிருந்து மனத்தில் ஏற்றிக்கொண்டோம். ஆயுதம் வைத்திருப்பவனின் முகத்தைப் பார்த்துப் பேசிய ஔவையை மறந்தோம்.

ஆகவே அதே கடிதத்தை, பெறுநரை மட்டும் மாற்றி எழுதிப் பார்க்கலாம். 'கணக்குக்குப் பயப்படாதே' என்பதை ஆசிரியருக்கு எழுதினால், 'தப்பாகப் போட்டவளை நிற்க வைத்து வகுப்பைச் சிரிக்க விடாதீர்கள்' என்றாகும். 'மாதவிலக்கு நாட்களில் லீவு போடாதே' என்பதைத் தலைமையாசிரியருக்கு எழுதினால், 'கழிப்பறைக்குத் தண்ணீரும் கதவுக்குத் தாழ்ப்பாளும் வேண்டும்' என்றாகும். 'நன்றாகப் படி' என்பது அம்மாவுக்கு: 'காலையில் தண்ணிக் குடத்தைத் தம்பி கையிலும் கொடும்மா.' 'எவனையும் நம்பாதே' என்பது அண்ணனுக்கு: 'ஒரு பெண்ணின் போட்டோவை வைத்துக்கொண்டு அவளை மிரட்டாதே, மிரட்டுகிற நண்பனோடு சுற்றாதே.' 'வீட்டில் சொல்லியிரு' என்பது அப்பாவுக்கு: 'நான் எதைச் சொன்னாலும் படிப்பை நிறுத்தமாட்டேன் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கப்பா.' இப்போது ஏவலுக்கு உயிர் வருகிறது. கேட்கும் ஆள் எதிரே இருக்கிறார்; செய்யும் காலமும் இன்னும் இருக்கிறது.

அப்படியானால் பெண்ணுக்குப் பொறுப்பே கிடையாதா, எல்லாவற்றுக்கும் அடுத்தவரையே கைகாட்டுவதா என்று யாரேனும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தோழியைப் பார்த்துக் குரூப் எடுத்ததற்காக ஒருத்தி வருந்தினால் அந்த வருத்தத்தை நான் பறிக்கமாட்டேன். அங்கே அவளுக்கு வேறு வழி இருந்தது. தான் தேர்ந்ததற்குத் தான் பொறுப்பேற்பது ஒரு மனுஷியின் மரியாதை. ஆனால் பொறுப்பு வேறு, பழி வேறு. பிரித்துப் பார்க்க இரண்டு கேள்வி போதும். அன்று அவள் கையில் வேறு வழி இருந்ததா? அந்த வழியில் போயிருந்தால் யார் விலை கொடுத்திருப்பார்கள்? இரண்டாவது கேள்விக்கும் 'அவள்தான்' என்பதே பதிலானால், அந்த வரியைக் கடிதத்திலிருந்து அடித்துவிடலாம்.

கல்லூரிப் பெண்ணால் அன்றைய தன்னை எட்ட முடியாது. ஆனால் அன்றைய அவளைப் போல இன்று இருப்பவளை எட்ட முடியும். அதற்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். மாவட்ட சமூகநல அலுவலருக்கும் சொல்லலாம். கல்யாணம் முடிந்தே போயிருந்தாலும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 3-ஆம் பிரிவில், சிறுவயதில் நடந்த திருமணத்தை ரத்து செய்யும்படி அந்தப் பெண்ணே மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்ய இடம் தருகிறது. 18 வயது நிறைந்த பின் இரண்டு ஆண்டுவரை அவகாசம். அதாவது 20 வயதுவரை. நம் மாணவிகளின் வயது அது. பத்தாவதோடு காணாமற்போன அவர்களுடைய பெஞ்சுத் தோழியின் வயதும் அதுதான். அவளுக்கு இந்தச் செய்தி தெரியாமலே அந்த இரண்டு ஆண்டு கழிந்துகொண்டிருக்கலாம்.

கடிதம் எழுதத்தான் வேண்டும் என்றால், அதை அவளுக்கு எழுதுங்கள். போன் நம்பர் மாறியிருக்கும். அவள் அம்மாவிடம் விசாரித்தால் எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸேறிப் போய் ஒரு மணி நேரம் அவளோடு பேசிவிட்டு வரலாம். புத்திமதி சொல்ல வேண்டாம். அவளுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.