மார்த்தாளின் அரைமணி நேரம்

அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிக்கும் தாயை நம் சபைகளில் புகழாத போதகர் குறைவு. அவளுடைய கண்ணீரையும் முழங்கால் தழும்பையும் சொல்வார்கள். அவள் ஏன் நாலு மணிக்கு எழ வேண்டியிருந்தது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். ஐந்துக்குப் பால், ஆறுக்குத் தண்ணீர், ஏழுக்கு டிபன் டப்பா என்று அவளுடைய நாள் முழுவதும் விடியும் முன்பே மற்றவர்களுக்குப் பங்கிடப்பட்டிருந்தது. அவளுக்கென்று மிஞ்சியது தூக்கம் மட்டும். ஜெப நேரத்தை அவள் அதிலிருந்துதான் வெட்டி எடுத்தாள்.

இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டுகிறது. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறாள். அதே வேலையைச் செய்யும் ஆண் கொடுப்பது 97 நிமிடம். அதுவும், ஒரு நாளில் அந்த வேலையில் கைவைக்கும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர். 'தினமும் கர்த்தரின் பாதத்தில் அமர நேரம் ஒதுக்குங்கள்' என்ற அறிவுரை ஆணின் காதில் ஒருவிதமாகவும் பெண்ணின் காதில் வேறுவிதமாகவும் விழுகிறது. அவன் தன் நேரத்திலிருந்து ஒதுக்குகிறான். அவள் யாருடைய நேரத்திலிருந்து ஒதுக்குவாள்?

ஒரு பெண்ணுக்கு அமைதியாக ஜெபிக்க முடியாமல் போவது அவளுடைய விசுவாசக் குறைவா, அவள் வாழும் வீட்டின் நீதிக் குறைவா? இந்தக் கேள்விக்கு நமக்குக் கொடுக்கப்படும் பதில் எப்போதும் லூக்கா 10ஆம் அதிகாரம்தான். மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டாள், மார்த்தாள் பற்பல வேலைகளில் அலைக்கழிந்தாள், நீ மரியாளாக இரு என்பார்கள். பாதத்தருகே உட்காருவது சீடரின் இடம். கமாலியேலின் பாதத்தருகே தான் கற்றதாகப் பவுல் சொல்வதும் அந்தப் பொருளில்தான். ஒரு பெண் அந்த இடத்தில் உட்கார்ந்ததையும், அதை அவளிடமிருந்து யாரும் பறிக்கலாகாது என்று இயேசு சொன்னதையும் நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைய சாப்பாட்டை யார் முடித்தார்கள் என்று லூக்கா எழுதவில்லை. அந்தச் சமையலறைக்குள் ஓர் ஆணை அனுப்பிப் பார்க்கும் பிரசங்கத்துக்காக நாம் இன்னும் காத்திருக்கிறோம். அதுவரை மார்த்தாளைக் கடிந்துகொள்வது எளிது. பிரசங்கம் முடிந்ததும் அவள் சமைத்ததைச் சாப்பிடுவது அதைவிட எளிது.

'அப்படியானால் சமைத்துக்கொண்டே ஜெபி' என்று ஒரு சமாதானமும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அவிலாவின் தெரேசாவை அதற்குச் சாட்சியாக அழைப்பார்கள். சட்டிபானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உலவுகிறார் என்ற பொருளில் அவர் எழுதியது உண்மை. ஆனால் அவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1562இல் தொடங்கிய தம் துறவுச் சபைக்கு அவர் வகுத்த ஒழுங்கில், மௌன ஜெபத்துக்குக் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் எழுதி வைத்தார். வேலையையும் சகோதரிகள் பகிர்ந்துகொண்டார்கள். சட்டிபானை வாசகத்தை எடுத்துக்கொண்ட நம் போதகர்கள் அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டார்கள்.

அது லேசாகக் கிடைத்த நேரமும் அல்ல. பெண்களுக்கு வாய்விட்டுச் சொல்லும் ஜெபங்களே போதும், மௌன ஜெபம் அவர்களை வழிதவற வைக்கும் என்று அக்காலத்துக் குருமார் பலர் நினைத்தார்கள். 1559இல் ஸ்பெயினின் விசாரணை மன்றம், மக்கள் மொழியில் இருந்த ஆன்மிக நூல்கள் பலவற்றைத் தடைசெய்தது. லத்தீன் தெரியாத தெரேசா போன்ற பெண்களின் கையிலிருந்த நூல்களே பறிபோயின. ஒரு பெண் வாய்மூடி உட்கார்ந்திருந்தால் அவள் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று யாராலும் மேற்பார்வையிட முடியாது. அந்த அச்சம் இன்னும் போய்விடவில்லை. வீட்டில் ஒரு பெண் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால், 'என்ன, உடம்பு சரியில்லையா?' என்ற கேள்வி எழுகிறதல்லவா?

முழுமையான கவனமே ஜெபம் என்று 1942இல் எழுதினார் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலி வேலை செய்திருந்தார். வேகமும் களைப்பும் சேர்ந்து ஒரு மனிதரிடமிருந்து சிந்திக்கும் திறனையே பிடுங்கிவிடுவதை அங்கே தம் உடம்பில் உணர்ந்தார். இவ்விரண்டையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். கவனம் மனவுறுதியால் மட்டும் வருவதல்ல. உறங்கிய உடம்பும், நடுவில் யாரும் கூப்பிடாத நேரமும் அதற்கு வேண்டும்.

ஓய்வைக் கேட்டாலே போதாதா, ஜெப நேரம் எதற்கு என்று தோழிகள் கேட்கலாம். நாளைய வேலைக்குத் தெம்பு வேண்டும் என்று சொன்னால் ஓய்வைக் கொடுத்துவிடுவார்கள். மௌன ஜெபத்தால் வீட்டுக்கு எந்த லாபமும் இல்லை. யாருக்கும் பயன்பட வேண்டாத ஒரு மனுஷியாக அவள் தன் கடவுள்முன் இருக்கும் நேரம் அது. மனைவி, தாய், மருமகள் என்ற பெயர்கள் எதுவும் தேவைப்படாத நேரம். அதனாலேயே அது கிடைப்பது கடினம். அதனாலேயே அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இதில் நம்மையே உறுத்த வேண்டிய ஒன்றும் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா பாத்திரம் கழுவும் நேரத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு தியானித்தால், என் மௌனம் அவருடைய முதுகின்மேல் நிற்கிறது. அவருக்கும் ஒரு கடவுள் உண்டு, அவருக்கும் அரைமணி நேரம் வேண்டும். கூலியும் விடுமுறையும் அவருக்குச் சரியாகக் கிடைக்காதவரை என் ஜெபத்தில் ஒரு கடன் பாக்கி இருக்கிறது.

ஆகவே நாலு மணிக்குப் பதில் மூன்றரைக்கு அலாரம் வைக்கும் யோசனையை விடுவோம். வீட்டில் உள்ளவர்களிடம், 'மாலை ஆறிலிருந்து ஆறரை வரை அடுப்பும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு' என்று சொல்லிப் பார்ப்போம். சபையிலும் கேட்போம்: பெண்கள் ஐக்கிய ஆராதனை முடிந்தபின் தேநீர்க் குவளைகளை இந்த வாரம் எந்த ஆண்கள் கழுவுவார்கள்?