உருவமும் உரிமையும்

தம் தோற்றத்தை ஊதியத்திற்குப் பிறர் காட்சிக்கு அளிப்பது மொடல் தொழில். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸ் நகரில் சார்ள்ஸ் வேர்த் தம் ஆடைகளை உயிருள்ள பெண்களுக்கு அணிவித்துக் காட்டினார். இன்று யாழ்ப்பாணத்துப் புடைவைக் கடைகளிலும் மணக்கோல விளம்பரப் படங்களைக் காணலாம்.

உடலைக் காட்டிப் பொருளீட்டல் இழிவு என்பார் உளர். ஒருகாலத்தில் அவ்வாறே பழிக்கப்பட்ட நடனம், இன்று மருதனார்மடத்தில் பல்கலைக்கழகப் பட்டக் கல்வியாக விளங்குகின்றது. ஆதலின் இழிவை உடலில் தேடுதல் பொருந்தாது.

ஓவியர்முன் அமர்வோர், அளவு பார்க்க ஆடை அணிவோர், மேடையில் நடந்து காட்டுவோர், விளம்பரப் படத்தில் தோன்றுவோர் என இத்தொழிலர் பல திறத்தினர். அளவு காட்டுபவரின் பணி அவர் எழுந்து சென்றதும் முடிகின்றது. விளம்பரப் படமோ உரியவரைப் பிரிந்து, அவர் அறியாத இடங்களிலும் உழைக்கின்றது.

மனிதரை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்பது ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ற் 1785இல் வகுத்த நெறி. ஒப்பிய எல்லையைக் கடந்து படம் ஆளப்படுங்கால் அந்நெறி பிறழ்கின்றது. பிரான்ஸ் 2017இல் மொடல்களுக்கு மருத்துவச் சான்றையும், உடலமைப்பைத் திருத்திய விளம்பரப் படங்களுக்கு அறிவிப்பையும் கட்டாயமாக்கியது.

ஒருவரையொருவர் அறிந்த சமூகத்தில் படத்தின் இலாபம் கடைக்கு, பழிச்சொல் பெண்ணுக்கு. அவளது ஒழுக்கத்தை வினவுமுன், அப்படத்தை எங்கே, எத்துணைக் காலம் ஆளலாம் என்று அவளிடம் எவரேனும் கேட்டனரா என வினவுதலே அறமாகும்.