கொடுக்கப்படாத காடு

பெங்களூர்த் தண்டுப் பகுதியில் பழைய வீடு ஒன்றை விற்க முற்படுவோர், "கதவும் சன்னலும் பர்மாத் தேக்கு" என்று பெருமிதத்துடன் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். கறையான் அரிக்காத, மழைக்கும் வெயிலுக்கும் எளிதில் கோணாத அம்மரத்தின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அது எவ்வழியே நம் வாயிலை வந்தடைந்தது என வினவுவோர் மிகச் சிலரே. கொடுக்கப்படாததைக் கொள்ளாமை என்னும் இரண்டாம் சீலத்தை நாள்தோறும் ஏற்கும் நாம், அவ்வினாவை ஒருமுறையேனும் எழுப்பிப் பார்த்தல் தகும்.

மேல் பர்மாவில் மிண்டோன் மன்னர் ஆண்ட காலத்தில், 1871இல் மாந்தளை நகரில் ஐந்தாம் தம்ம சங்கம் கூடியது. திரிபிடகம் முழுவதும் 729 சலவைக்கற்களிற் பொறிக்கப்பெற்று இன்றும் அந்நகரில் நிற்கிறது. அத்தகைய நாட்டின் காடுகளை நாடி வந்தது, 1863இல் வாலஸ் சகோதரர்கள் தொடங்கிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். நின்ஜான் காட்டில் தேக்கு வெட்டும் உரிமையை அக்கம்பெனி மன்னரிடமிருந்து பெற்றது. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆதலின் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வெட்டி விடுவர். மரம் நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டுகளில் உலரும். பின்னர் அதனை வீழ்த்தி, யானைகளைக் கொண்டு இழுப்பித்து, ஆற்று வழியே மிதக்க விட்டுத் துறைமுகத்திற் சேர்ப்பர்.

1885ஆம் ஆண்டு, மிண்டோனின் மைந்தர் தீபா மன்னரின் அரசவை, கம்பெனி கணக்கிற் காட்டிய மரங்களினும் மிகுதியாக எடுத்துச் சென்றது எனத் தீர்ப்பளித்து, ஏறத்தாழ 23 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. கம்பெனி அதனை மறுத்தது. ஆங்கில அரசு கம்பெனியின் பக்கம் நின்று அக்டோபரில் இறுதி எச்சரிக்கை விடுத்தது. பிரெஞ்சுக்காரர் அந்நாட்டிற் காலூன்றுவர் என்னும் அச்சமும் அதற்கு ஒரு காரணமே. நவம்பரில் மூண்ட போர் இரண்டே வாரங்களில் முடிந்தது. 1886 ஜனவரி முதல் நாளில் அந்நாடு ஆங்கிலப் பேரரசுடன் இணைக்கப்பட்டது. தீபா மன்னர் சென்னைக்குக் கொணரப்பட்டுச் சில மாதங்கள் அங்கே வைக்கப்பெற்றபின், இரத்தினகிரியிற் சிறையிருந்து 1916இல் அங்கேயே மறைந்தார்.

இவ்வரலாறு நமக்கு அயலாருடையது அன்று. அப்படையை நடத்திய தளபதி பிரெண்டர்காஸ்ட் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். அல்சூர் ஏரியருகே இன்றும் பாளையங்கொண்டிருக்கும் 'சாப்பர்ஸ்' படையினர் அப்போரிற் பணியாற்றினர். அப்படையில் தமிழர் பலர். அவருள்ளும், ஊரார் சேரிக்குத் தள்ளிய நம் மக்கள் மிகப் பலர். கிராமத்தில் மறுக்கப்பட்ட சோறும் மதிப்பும் அவர்களுக்குப் படையிற் கிடைத்தன. அயோத்திதாச பண்டிதர் இலங்கை சென்று பஞ்ச சீலம் ஏற்றது 1898இல். அதாவது அப்போருக்குப் பதின்மூன்று ஆண்டுகளின் பின்னரே. தாம் வீழ்த்துவது தம்ம நாட்டின் அரியணை என்பதை அவ்வீரர்கள் எங்ஙனம் அறிந்திருக்கக் கூடும்?

இனி, குற்றம் யாருடையது? மரம் வெட்டுதலே குற்றம் என்பார் உளர். அது முற்றும் பொருந்தாது. உபாசகர் விலக்க வேண்டிய வாணிபங்களாகப் பகவர் வகுத்தவை ஆயுதம், உயிர்கள், புலால், மது, நஞ்சு என்னும் ஐந்தே; மரம் அவற்றுள் இல்லை. மாந்தளையின் சுவேநந்தா விகாரை முழுவதும் தேக்கினால் ஆயதன்றோ? குற்றம் கோடரியில் இல்லை.

கம்பெனியோ தன்னிடம் மன்னரின் உரிமைச் சீட்டு இருந்தது என்னும். சீட்டு இருப்பின் அது 'கொடுக்கப்பட்டது' ஆகிவிடாதா? இங்கேதான் நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். இயற்கைக் காட்டில் ஒரு தேக்கு முற்றி வளர மூன்று தலைமுறைக் காலமேனும் ஆகும். இன்று வெட்டப்படும் மரம் முப்பாட்டன் காலத்தில் முளைத்தது. இன்று முளைப்பது பேரனுக்கு உரியது. மன்னர் தம் காலத்துப் பங்கை ஈயலாம்; இன்னும் பிறவாதவரின் பங்கை ஈவதற்கு எவருக்கு உரிமை உண்டு? ஆளவியில் ஒரு பிக்கு மரத்தை வெட்டியபோது அதில் உறைந்த தேவதை பகவரிடம் முறையிட்டது என்றும், அதன் பின்னரே பிக்குகள் பயிர் மரங்களை அழித்தலாகாது என விதிக்கப்பட்டது என்றும் விநயம் கூறும். மரத்திற்கு உரியவர் சீட்டில் கையெழுத்திடுவோர் மட்டுமல்லர் என்பதே அக்கதையின் உட்பொருளாக நாம் கொள்ளத்தக்கது. அளவு கடந்து எடுக்கப்படுவது, சீட்டு இருப்பினும், கொடுக்கப்படாததே.

அவ்வீரர்கள் செய்தது என்ன? சேதனையே கம்மம் என்பது பகவரின் போதனை. அறியாது, வயிற்றின் பொருட்டுக் கைகொடுத்தவரின் வினையும், அறிந்தே ஆதாயங் கருதி ஏவியவரின் வினையும் ஒன்றல்ல. நம் முன்னோரை நாம் இகழோம். ஆனால் அறியாமற் செய்தது ஒன்று. அறிந்த பின்னும் அறியாதார் போல் இருப்பது வேறொன்று. அப்புறக்கணிப்பும் ஒரு சேதனையே.

அக்கம்பெனியே 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, மாஞ்சோலைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது. காட்டைத் திருத்தித் தேயிலை பறித்தவருள் ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதி. அவர்களின் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தின்மீது காவலர் தடியடி நடத்த, தாமிரபரணியில் 17 உயிர்கள் மாண்டன. 2024இல் தோட்ட வேலை முடிவுக்கு வந்தபோது, தலைமுறை தலைமுறையாக உழைத்தோர்க்கு அங்கே சொந்தமாக ஒரு பிடி மண்ணும் இல்லை. காட்டிற் கொடுக்கப்படாததை எடுப்பவர், உழைப்பிலும் அவ்வாறே எடுப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பாளியில் 'வன' என்னுஞ் சொல் காட்டையும் குறிக்கும், ஆசையையும் குறிக்கும். அவ்வணிகர் உள்ளிருந்த வனத்தை வளரவிட்டு, வெளியிருந்த வனத்தை வெட்டினர். நாமும் விலை ஒன்றையே கேட்டு, வந்த வழியைக் கேளாது வாங்குவோமாயின், நம்முள்ளும் அதே வனம் தழைக்கின்றது. எனவே மரமாயினும் தேயிலையாயினும் வாங்குமுன் வினவுவோம். தேவைக்கு மேல் வாங்காதிருப்போம். சோலை வைப்போர்க்கு இரவும் பகலும் புண்ணியம் பெருகும் என்பது பகவரின் வாக்கு. வரும் வைசாகப் பௌர்ணமியன்று நாம் ஒவ்வொருவரும் ஒரு கன்றேனும் நடுவோமாக. அதன் நிழலில் அமரப் போகிறவர் இன்னும் பிறக்கவில்லை. அவர்க்குரியதை அவர்க்கே விட்டுவைத்தல் இரண்டாம் சீலத்தின் நிறைவாகும்.