கொசுறும் முழு எடையும்

நம் கடைகளில் கொசுறு என்று ஒன்று உண்டு. காய்கறி வாங்கிய அம்மாளுக்கு இரண்டு கொத்துக் கறிவேப்பிலை சேர்த்துப் போடுகிறோம். அதை எவரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. வாடியிருந்தாலும், சும்மா வந்ததுதானே என்று பேசாமல் போய்விடுகிறார்கள். வக்கீல் ஒருவர் கட்டணம் வாங்காமல் ஏழைக்குச் செய்யும் வேலையும் இந்தக் கொசுறைப் போன்றதுதானா? வியாபார அன்பர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

சிங்கப்பூரில் ஏழைக்குச் சட்ட உதவி புதிதன்று. சிவில் வழக்குகளுக்கென அரசாங்கத்தின் சட்ட உதவிப் பணியகம் 1958-ல் தொடங்கிற்று. ஷரீஅத் கோர்ட்டு விவகாரங்களுக்கும் அங்கே வழியுண்டு. குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைகளுக்காக வக்கீல்கள் சங்கம் 1985-ல் ஒரு திட்டம் வகுத்தது; 2007-ல் இலவசப் பணிக்கென்றே ஓர் அலுவலகமும் அமைத்தது. மரண தண்டனைக்குரியவை அல்லாத குற்ற வழக்குகளுக்கு அரசாங்கமே வக்கீல் தரும் ஏற்பாடு 2022 டிசம்பரில்தான் வந்தது.

இலவசப் பணிக்கு வரும் வக்கீல்களுக்குப் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. இங்கேதான் ஒரு முணுமுணுப்பு. சனிக்கிழமையை ஓசியில் கொடுக்கிறோம், அதற்குமேல் பள்ளிப்பிள்ளை போல வந்து உட்காரவும் வேண்டுமா என்று கேட்பாருண்டு. கேள்வியில் நியாயமில்லை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் இருபது வருஷம் கப்பல் சரக்கு ஒப்பந்தமே எழுதி வந்தவர் ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண்ணின் எதிரே அமர்கிறார். ஜவுளியில் கைதேர்ந்தவரை மருந்துக் கடையில் நிறுத்தியது போலத்தான்.

வாடிய கறிவேப்பிலையைக் குப்பையில் போட்டுவிடலாம். வக்கீலின் சொல் அப்படிப்பட்டதன்று. கிரிமினல் கோர்ட்டுத் தண்டனைக்கு அப்பீல் நோட்டீஸ் 14 நாளைக்குள் கொடுத்தாக வேண்டும். அநியாயமாக வேலையிலிருந்து நீக்கப்பட்ட சிப்பந்தி ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும். கொடுத்த கடனுக்கு ஆறு வருஷக் கெடு என்பதை நம்மில் பலர் நஷ்டப்பட்டே தெரிந்துகொண்டோம்! "அடுத்த மாதம் வாருங்கள், பார்க்கலாம்" என்று நல்ல மனத்தோடு சொன்ன ஒரு வார்த்தையில் கெடு தீர்ந்துவிடும். காசுள்ளவன் வேறு வக்கீலிடம் ஓடுவான். இவன் எங்கே ஓடுவான்?

ஆகவே கற்க வேண்டியது சட்டம் மட்டுமன்று. அழுகிறவரிடம் தேதிகளைக் கேட்டு வாங்குவது, மொழிபெயர்க்க வந்த மைத்துனர் தம் கட்சியையே சொல்கிறாரா என்று கவனிப்பது, எதிராளி தம் ஆபீசுக்கே கட்சிக்காரரா என்று முதலில் பார்ப்பது. எல்லாவற்றிலும் கடினமானது, "இது எனக்குத் தெரியாது, இன்ன இடத்துக்குப் போங்கள்" என்று கூச்சமின்றிச் சொல்வது.

இவ்வளவு கண்டிப்புக் காட்டினால் வருகிற இரண்டு பேரும் வராமல் போவார்களே, பட்டினி கிடப்பவனுக்கு அரைப்படி அரிசியாவது நல்லதல்லவா என்பர். நல்லதுதான். அரைப்படியை அரைப்படி என்று சொல்லிக் கொடுத்தால் குற்றமில்லை. முழுப்படி என்று நம்பவைப்பதே குற்றம். ஆலோசனை மட்டுமே உண்டு, கோர்ட்டுக்கு வரமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லும் இலவச ஆலோசனைக் கூடங்கள் இந்த வகையில் நாணயமானவை.

2015 முதல் வக்கீல்கள் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கையில், எத்தனை மணி நேரம் இலவசமாக உழைத்தோம் என்று தெரிவிக்க வேண்டும் என விதி வந்தது. உழைத்தே தீரவேண்டும் என்பதில்லை. மணிக்கணக்கு எடுத்தார்கள், சரி. எடையை யார் பார்ப்பது? பாராட்டு விருந்தும் பத்திரமும் அதைச் சொல்லமாட்டா. (நம் சங்கத்திலும் மாலைகளுக்குக் குறைவில்லையாகையால் இதைப்பற்றி நாம் அதிகம் பேசுவதற்கில்லை.)

உதவி பெற்றவரும் சொல்லமாட்டார். கடைச் சிப்பந்தி ஒருவர் ஆலோசனை கேட்டுத் திரும்பினால், "நல்ல மனுஷர், காசே வாங்கவில்லை" என்பார். சொன்னது சரிதானா என்று கேட்க அவருக்கு வாய் வராது. எந்தத் தேதிக்குள் என்ன செய்யச் சொன்னார், எழுதிக் கொடுத்தாரா என்று முதலாளிகளாகிய நாம் விசாரிக்கலாம், வழக்கு நம்மீதே இருந்தாலொழிய.